கல் கனடாவில், சாணை உடுவிலில்?

உடுவிலில் நகைப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி சென்ற மாதம் என்னிடம் ஒரு விடயம் கேட்டார். “நானா, என்ரை மச்சான் கனடாவிலை இருக்கிறார். அங்கை வடக்கிலை பனிக்குள்ளை வைரம் தோண்டுறாங்களாம். அந்தக் கல்லை இஞ்சை எடுப்பிச்சுப் பட்டை தீட்டி விக்க ஏலாதோ?” மச்சான் பணம் போடத் தயார். பட்டறைக்குப் பின்னால் காணி இருக்கிறது. வேலை பழகுவதற்கு ஊரில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல் மட்டும்தான் வரவேண்டுமாம்.

இப்படியான யோசனைகளைச் சிரித்து ஒதுக்கிவிடுவது எம்மவர் பழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் குஜராத்தில் நிலக்கடலையும் பருத்தியும் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இதே யோசனையோடுதான் சூரத் நகரத்துக்குப் பஸ் ஏறினார்கள். இன்று உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களை எண்ணிக்கையில் பார்த்தால் பத்தில் ஒன்பது இந்தியக் கைகளுக்கூடாகவே போகின்றது. அதில் மிகப் பெரும் பங்கு சூரத்துக்கு. அந்த ஊரில் வைரச் சுரங்கம் கிடையாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் நீலக்கல் வியாபாரி; வைரம் என் தொழில் அல்ல. எங்கள் வாப்பா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்த காலத்தில் இணுவில், உடுவில், சுன்னாகம் பக்கத்துப் பத்தர்மாருக்குச் சைக்கிளில் கல் கொண்டுபோய்க் கொடுத்தவர். 1990 ஒக்டோபருக்குப் பின் நாங்கள் தெற்குக்கு வந்தோம். நான் பேருவளை சீனங்கோட்டையில் கல் பார்க்கப் பழகினேன். இப்போது மாதம் ஒரு முறை யாழ்ப்பாணம் போய் வருகிறேன். வாப்பாவிடம் கல் வாங்கியவர்களின் பிள்ளைகள் என்னிடம் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்தத் தம்பி. அவருக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கல்லில் பணம் போட நினைக்கும் நம் சகோதரர்கள் பலருக்கும் இது பொருந்தும்.

முதலில் மண்ணைப் பற்றி. உடுவிலின் மண் செம்மண். அதன் கீழே சுண்ணக்கல். புகையிலையும் வெங்காயமும் நன்றாக விளையும். இரத்தினபுரியில் வயலைத் தோண்டினால் வருகின்ற ‘இல்லம்’ என்ற சரளைப் படை இங்கே இல்லை. அது ஆறுகள் மலையிலிருந்து அள்ளிவந்து போட்டது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் இதை ஒரு குறையாக எடுக்கத் தேவையில்லை. முழு இலங்கையிலும் வைரச் சுரங்கம் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் மத்திய வங்கியின் ஏற்றுமதிக் கணக்கில் ‘இரத்தினக்கல், வைரம், ஆபரணம்’ என்று வைரத்துக்குப் பெயர் சொல்லி ஒரு தலைப்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பட்டை தீட்டாத வைரத்தைக் கொண்டுவந்து, இங்குள்ள தொழிற்சாலைகளில் வெட்டித் தேய்த்துத் திருப்பி அனுப்பும் தொழில் இந்நாட்டில் நடப்பதே காரணம். ஆகவே தம்பியின் எண்ணம் ஆகாயக் கோட்டை அல்ல. எந்தக் கதவால் உள்ளே போவது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

மச்சான் சொன்ன கனடாவை எடுப்போம். அங்கே முதலாவது வைரச் சுரங்கமான எக்காட்டி 1998 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. வடமேற்குப் பிரதேசத்தின் தலைநகரான யெலோநைஃபிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீற்றர், மரமே முளைக்காத பனிவெளி. 2003 இல் டயவிக் சுரங்கமும் வந்து சேர்ந்தது. “எங்கள் மண்ணில் எடுக்கும் கல்லை எங்கள் ஊரிலும் தீட்ட வேண்டும்” என்று அந்தப் பிரதேச அரசாங்கம் உறுதியாக நின்றது. எடுக்கும் கல்லில் பெறுமதியில் பத்திலொரு பங்கு உள்ளூர்ப் பட்டறைகளுக்குக் கிடைக்க ஏற்பாடும் ஆனது. யெலோநைஃபில் பட்டறைகள் திறந்தன. அரசாங்கம் கடனுக்குப் பிணை நின்றது. வேலை தெரிந்தவர்களைத் தூர நாடுகளிலிருந்து அழைத்து வந்தார்கள். துருவக்கரடி முத்திரையைக் கல்லில் பொறித்து விற்றார்கள்.

நடந்தது என்ன? 2009 முடிவதற்குள் பெரும்பாலான பட்டறைகள் மூடப்பட்டுவிட்டன. சுரங்கம் பக்கத்திலே, அரசாங்கம் பின்னாலே, கல்லும் கையிலே. ஆனால் அந்த ஊர்ச் சம்பளத்தில் ஒரு சிறு கல்லைத் தீட்டும் செலவு, அதே கல்லை இந்தியாவுக்கு அனுப்பித் தீட்டி எடுக்கும் செலவைவிடப் பல மடங்கு. பெரிய, விலை உயர்ந்த கல் என்றால் அந்தச் செலவைத் தாங்கும். சிறு கல் தாங்காது. மச்சானுக்கு முதலில் இந்தக் கதையைச் சொல்லும்படி தம்பியிடம் சொன்னேன்.

இனி இதற்கு நேர் எதிரான கதை. இதை அறியாமல் வைரத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது.

1979 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபகுதியில், கிம்பர்லி எனும் ஆளரவமற்ற பிரதேசத்தில் ஆர்கைல் வைரப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. 1983 இல் ஓடைச் சரளையிலிருந்து கல் எடுக்கத் தொடங்கினார்கள். 1985 இறுதியில் பெரிய திறந்த சுரங்கம் வேலைக்கு வந்தது. 1994 இல் மட்டும் 4 கோடி கரட்டுக்கு மேல் எடுத்தார்கள். எடையில் உலகிலேயே பெரிய வைரச் சுரங்கம் அதுதான். ஆனால் தரம்? நூறு கரட் எடுத்தால் நேரே நகைக்கு உகந்தது ஐந்து கரட் அளவுதான். கால்வாசி, துளைக்கருவிக்கும் அரக்கருவிக்கும் மட்டும் போகும் கல். நடுவிலே எழுபது வீதம் இரண்டும் கெட்டான் கல். சிறியது, பழுப்பு நிறம், உள்ளே வெடிப்பும் புள்ளியும். சாணையில் வைத்தால் வளைந்து கொடுக்காத முரட்டுக் கல்.

அன்ட்வேர்ப்பிலும் டெல் அவிவிலும் இருந்த பட்டறைக்காரர்களுக்கு அது கூலிக்கும் கட்டாத சரக்கு. சூரத்துக்கு அதுவே வாழ்வு. மூன்று நான்கு மில்லிமீற்றர்க் கல்லில் ஐம்பத்தேழு பட்டையும் வெட்டி, அதை விற்று, அதற்கு மேலும் காசு மிஞ்சும் இடம் உலகில் அப்போது அது ஒன்றுதான். எழுபது வீத ‘இரண்டும் கெட்டான்’ கல்லில் பெரும் பகுதியை நகைக் கல்லாக மாற்றிக் காட்டினார்கள். அதன் பயனாக அமெரிக்காவில் சாதாரணச் சம்பளக்காரனும் வாங்கக்கூடிய வைர மோதிரம் கடைக்கு வந்தது. பழுப்புக் கல்லுக்குச் சுரங்கக்காரர் வைத்த விற்பனைப் பெயர்கள் இரண்டும் மதுபானப் பெயர்கள்; அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் விலை போகாத நிறத்துக்கு ஒரு பெயரைச் சூட்டி விலை போகச் செய்தார்கள் பாருங்கள், அந்த வியாபாரப் புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

அந்தச் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. மொத்தம் 86 கோடி கரட்டுக்கு மேல் கொடுத்துவிட்டு மூடியது. ஒரு கரட் என்பது கிராமில் ஐந்தில் ஒன்று. கணக்குப் பார்த்தால் 170 தொன்னுக்கு மேல் வருகிறது. சுரங்கம் முடிந்தது, சூரத் முடியவில்லை. ரஷ்யக் கல், ஆபிரிக்கக் கல் என்று எது வந்தாலும் தேய்க்க அங்கே கை இருக்கிறது.

இந்த இடத்தில் நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சூரத்துக்கு வந்த குடியானவர்கள் கல் வாங்கவில்லை. கல் வாங்கியவர்கள் பாலன்பூர் சமண வணிகக் குடும்பங்கள். அவர்களுக்கு மும்பாயில் கடை, அன்ட்வேர்ப்பில் உறவினர், கையில் பல தலைமுறைப் பணம். கிராமத்துப் பிள்ளைகள் அடுத்தவன் கல்லைக் கூலிக்குத் தேய்த்தார்கள். ஒருவன் விளிம்பை உருட்டுவான். ஒருவன் மேல் பட்டை போடுவான். இன்னொருவன் அடிப் பட்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைதான். ஆகவே விரைவில் பழகினார்கள். அவர்களில் கெட்டிக்காரர் சிலர் பத்துப் பதினைந்து வருடத்தில் சொந்தப் பட்டறை வைத்தார்கள். அதன் பிறகுதான் கல் வாங்கினார்கள். இன்று சூரத்தில் பெரும் பட்டறை முதலாளிகள் பலர் அந்தக் கூலிக்காரரின் வழி வந்தவர்கள்.

எடையில் போகும் காசு

கூலிக்குத் தேய்ப்பதற்கும் சொந்தக் கல்லைத் தேய்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக, கல் எப்படிப் பட்டையாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நல்ல வடிவான வைரம் எட்டு முகம் கொண்டது. இரண்டு பிரமிட்டுகளை அடியோடு அடி ஒட்டினால் எப்படியோ அப்படி. அதை நடுவுக்குச் சற்று மேலே அறுத்தால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு கல். முன்பு வைரத்தூள் பூசிய மெல்லிய உலோகத் தகட்டால் மணிக்கணக்கில் அறுப்பார்கள்; இப்போது லேசர். பிறகு இரண்டு வைரங்களை ஒன்றோடொன்று உரசவிட்டு விளிம்பை வட்டமாக்குவார்கள். அதன் பின் இரும்புச் சாணைத் தட்டில் எண்ணெயும் வைரத்தூளும் தடவி, வேகமாகச் சுழலவிட்டுப் பட்டை போடுவார்கள். வைரத்தை வைரத்தால்தான் தேய்க்க முடியும். அதுவும் எல்லாத் திசையிலும் முடியாது. மரத்துக்கு வைரம் ஓடுவது போல் கல்லுக்கும் ஓட்டம் இருக்கிறது. ஓட்டத்துக்கு எதிராக வைத்தால் மணிக்கணக்கில் தேய்த்தாலும் கல் அசையாது, சாணைதான் கெடும். நீலக்கல் தேய்ப்பவனுக்கு நிறம் பார்க்கும் கண் வேண்டும். வைரம் தேய்ப்பவனுக்கு இந்த ஓட்டம் தெரிய வேண்டும். ஒன்று தெரிந்தவனுக்கு மற்றது தானாக வராது, இயந்திரமும் வேறு.

நல்ல எட்டு முகக் கல்லே பட்டையாகும்போது பாதி எடையை இழக்கிறது. கோணலான கல் அறுபது வீதத்துக்கு மேலும் இழக்கும். ஆகவே கல்லை வாங்கும்போதே அதற்குள் எத்தனை கரட் பட்டைக் கல் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் தொழிலின் உயிர். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. சந்தை விலை என்று கொள்ள வேண்டாம்.

நூறு கரட் பட்டை தீட்டாத கல், கரட் 100 டொலர் வீதம் 10,000 டொலருக்கு வாங்குகிறீர்கள். தேய்க்கும் செலவு 2,000. மொத்தம் 12,000. நாற்பது கரட் பட்டைக் கல் கிடைக்கும் என்று மதித்து வாங்கினீர்கள். பட்டைக் கல்லின் விலை கரட் 330 என்றால் வரவு 13,200. இலாபம் 1,200, அதாவது பத்து வீதம். நல்லது. இப்போது உங்கள் மதிப்பு கொஞ்சம் பிசகி, நாற்பதுக்குப் பதிலாக முப்பத்தாறு கரட்தான் கிடைத்தது. வரவு 11,880. நூற்றிருபது டொலர் நட்டம். நாலே நாலு கரட்டில் மொத்த இலாபமும் போய், கை முதலிலும் கடித்துவிட்டது. இதற்கிடையில் கல் வாங்கி, தீட்டி, விற்று, காசு கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். அந்தக் காலத்தில் பட்டைக் கல்லின் விலை பத்து வீதம் விழுந்தால், மதிப்பில் பிசகாதவனுக்கும் இதே கதிதான். இந்த ஆபத்து முழுவதும் கல்லுக்குச் சொந்தக்காரனைச் சேரும். கூலிக்குத் தேய்ப்பவனுக்குச் சம்பளம் வந்துவிடும்.

விலை விழுமா என்று கேட்காதீர்கள். 2008 இல் அமெரிக்கா தும்மியபோது சூரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து ஊர் திரும்பினார்கள். 2023 இல் சரக்கு தேங்கியதால் இந்திய வைரத் தொழில் அமைப்புகள் சேர்ந்து ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பட்டை தீட்டாத கல் இறக்குமதியையே நிறுத்தி வைத்தன. அதே டிசம்பரில் சூரத்தில் மிகப் பெரிய வைர வர்த்தக மாளிகை திறப்பு விழா! 2025 ஓகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 வீதத்தைத் தொட்டபோது மீண்டும் அடி. தலைமுறை தலைமுறையாக இதிலேயே ஊறியவர்களுக்கே இந்த நிலை.

இன்னொரு நுணுக்கம். வைரத்தில் ஒரு கரட்டை நூறு சென்ட்டாகப் பிரிப்பார்கள். 99 சென்ட் கல்லுக்கும் 100 சென்ட் கல்லுக்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. விலையோ ஒரு படி தாண்டி நிற்கும். ஆகவே தேய்ப்பவன் ஒரு சென்ட் அதிகம் தேய்த்தால் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். இதற்காகவே கல்லை வெட்டுமுன் கணினியில் சுற்றிலும் அளந்து, உள்ளே புள்ளி எங்கே இருக்கிறது என்று படம் பிடித்து, எப்படி வெட்டினால் அதிகம் மிஞ்சும் என்று சொல்லும் இஸ்ரேலிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. சூரத்தில் சிறிய பட்டறைக்காரன் அந்த இயந்திரத்தை வாங்குவதில்லை. கல்லைக் கொண்டுபோய்க் காட்டி, கட்டணம் கொடுத்து அளந்து வருகிறான். உடுவிலில் இருப்பவன் எங்கே கொண்டு போவான்? ஒரு தொழில் ஒரு ஊரில் திரண்டிருப்பதன் பலன் இது. தனியாக ஒருவன் எவ்வளவு பணம் போட்டாலும் இதை வாங்க முடியாது.

கெவுடா தந்த பாடம்

எம்மவருக்கு இது புதிய பாடமும் அல்ல. சீனங்கோட்டையில் வயதானவர்களைக் கேளுங்கள், கெவுடாக் கதையைச் சொல்வார்கள். கெவுடா என்பது பால் போல் மங்கிய குருந்தக் கல். நீலக்கல்லின் இனம்தான், ஆனால் நீலம் இல்லை. இரத்தினபுரிச் சுரங்கங்களில் கூடை கூடையாக வரும். விலை இல்லை என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் கேட்டு வாங்கினார்கள். எதற்கென்று நம்மவர்களுக்குப் புரியவில்லை. ‘தாய்க்காரனுக்குப் பைத்தியம்’ என்று நினைத்துச் சந்தோஷமாக விற்றார்கள். அவர்கள் அதைக் கொண்டுபோய் 1,600 பாகைக்கு மேல் உலையில் சுட்டார்கள். கல்லுக்குள் நுண் இழைகளாகக் கிடந்த டைட்டானியம் கரைந்து, இரும்போடு சேர்ந்து, பால் நிறம் போய் நீலம் பிறந்தது. பாங்கொக்கிலும் சந்தாபுரியிலும் பெரிய மாளிகைகள் எழும்பின. உலை வைக்கும் வித்தையை நம் நாட்டவர்கள் கற்றுக்கொண்டது 1980களில்தான். அதற்குள் போனது போய்விட்டது.

மண் நம்முடையது, கல் நம்முடையது, காசு யாருடையது ஆனது? யெலோநைஃப் கதையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். உடுவில் தம்பிக்குச் சுரங்கம் இல்லை என்ற கவலை வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

நமது தேய்ப்பிலும் ஒரு பழக்கம் உண்டு. பழைய ‘ஹன போருவ’ சாணையில் வில்லை இழுத்துத் தேய்த்த காலத்திலிருந்தே எடை குறையக்கூடாது என்பதற்காகக் கல்லின் அடிப்பாகத்தைக் கனமாக விடுவோம். நிறமும் அதில் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டில் வாங்குபவன் அந்தக் கனத்துக்குக் காசு தருவதில்லை. ‘இதை நான் திரும்ப வெட்ட வேண்டும், இவ்வளவு எடை போகும்’ என்று கழித்துத்தான் விலை சொல்கிறான். மேசையில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எடையைக் காப்பாற்றினோம் என்ற திருப்தி நமக்கு. திரும்ப வெட்டி எடுத்த இலாபம் அவனுக்கு.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது நீண்ட காலம் குடிசைத் தொழிலாக இருந்தது. வீட்டுத் திண்ணையில் சாணை, வீட்டுப் பெண்களும் சேர்ந்து வேலை. ‘அமெரிக்கன் டயமண்ட்’ என்று நம் பெண்கள் தோட்டிலும் மூக்குத்தியிலும் போட்ட வெள்ளைக் கல்லில் பெரும் பங்கு அந்தத் திண்ணைகளில் பிறந்தது. பிறகு சீனாவின் வூசோ நகரத்தில் இயந்திரத்தில் வெட்டிய கல் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு, விலையும் குறைவு. திருச்சிச் சாணைகள் பல நின்றுவிட்டன. கைத்திறன் இருந்தால் போதும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். திருச்சிக்காரரின் கைத்திறனில் ஒரு குறையும் இருக்கவில்லை.

உடுவிலுக்கு எந்தக் கதவு?

அப்படியானால் தம்பி என்ன செய்யலாம்? என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொன்னேன். வைரம் வேண்டாம், இப்போதைக்கு. பட்டை தீட்டாத வைரம் ஒரு நாட்டுக்குள் வர கிம்பர்லி உடன்படிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2003 முதல் இருக்கும் முறை. இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. மச்சான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வரும் சாமான் அல்ல அது. சிறு தொகைக்கு நல்ல கல்லைச் சுரங்கக்காரன் நேரே தரவும் மாட்டான். பெரிய வியாபாரிகள் பொறுக்கி எடுத்து மிஞ்சியதுதான் சிறியவன் கைக்கு வரும். மிஞ்சியதில் காசு பார்க்க சூரத்துக் கூலியும் சூரத்து அனுபவமும் வேண்டும்.

ஆனால் அவரிடம் சூரத்துக்காரனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் நகை செய்பவர். மாதம் எத்தனை தோடு, எத்தனை மூக்குத்தி, எத்தனை பதக்கம் செய்கிறார்; ஒவ்வொன்றிலும் எத்தனை சிறு கல் பதிக்கிறார் என்று கேட்டேன். அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டு மில்லிமீற்றர், மூன்று மில்லிமீற்றர் கல்லெல்லாம் வெளிநாட்டில் வெட்டிப் பொட்டலமாக வருவது. இலங்கையில் கிடைக்கும் சிறு நீலக்கல், சிவப்புக்கல், வெள்ளைப் புஷ்பராகம் எல்லாம் பெரிய கல் தேடுபவர்களால் ஒதுக்கப்பட்டு மலிவாகப் போகின்றன. அவற்றை அளவு பிசகாமல் வெட்டப் பழகினால் முதல் வாடிக்கையாளர் அவருடைய சொந்தப் பட்டறைதான். சந்தை தேடி அலைய வேண்டியதில்லை. கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் இருக்கும் நகைக்கடைகள் அடுத்த வாடிக்கையாளர். அதன் பிறகு பேருவளை, கொழும்பு ஏற்றுமதிக்காரரின் கல்லைக் கூலிக்கு வெட்டிக் கொடுக்கலாம். முதலில் இரண்டு சாணை, இரண்டு பிள்ளைகள். ஏழெட்டுப் பேரையும் ஒன்றாக இருத்தி வைத்துக்கொண்டு கல்லுக்குக் காத்திருக்கக்கூடாது. தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால் ஒரு நாள் சரக்கோடு மாட்டிக்கொள்ள நேரும்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நமக்கு மறக்காது. பாதிப் பட்டையில் சாணை நின்றால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கொடுத்த தவணை தவறும். கூலி வேலையில் தவணைதான் பெயர்.

மச்சானின் பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். பிள்ளைகள் பழகும் ஆறு மாதத்துக்கும், பழகும்போது கெடுக்கப் போகும் கல்லுக்கும் அது வேண்டும். கெடுப்பார்கள். மலிவான கல்லில் கெடுக்கட்டும்.

வைரமே வேண்டாமா என்றால், விற்பதில் கவனம் வேண்டும் என்பேன். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் வைர நகையை மாற்றவும் திருத்தவும் பட்டறைக்குக் கொண்டு வருகிறார்கள். இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம் தாராளமாகப் புழங்குகிறது. சூரத்திலும் வளர்க்கிறார்கள். அதுவும் உண்மையான வைரமே. மண்ணில் பிறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். டி பியர்ஸ் நிறுவனமே 2018 இல் கரட் 800 டொலர் என்று வளர்ப்பு வைர நகை விற்கத் தொடங்கி, விலை சரிந்துகொண்டே போக, 2025 இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. நம் கடைகளில் வைத்திருக்கும் சூடு பார்க்கும் பேனா, செயற்கை வெள்ளைக் கல்லை மட்டும் பிடித்துக் கொடுக்கும். வளர்ப்பு வைரத்தை ‘வைரம்’ என்றே காட்டும். பழைய பேனா மொய்சனைட் கல்லைக்கூட வைரம் என்று சொல்லிவிடும். ஆகவே சான்றிதழ் இல்லாத கல்லைப் பேனாவை நம்பி வாங்கவும் கூடாது, பிறருக்கு மதிப்புச் சொல்லவும் கூடாது.

கடைசியாக, கூலிக்குக் கல் எடுப்பவர்களுக்கு. சீனங்கோட்டையில் இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுத்தான். முகம் தெரிந்தவர்களுக்குள் அது நடக்கும். உடுவிலுக்கும் பேருவளைக்கும் இடையில் நடக்காது. கல் கைமாறும்போது எத்தனை கல், எத்தனை கரட் என்று இரண்டு பேரும் பார்க்க நிறுத்து எழுத வேண்டும். கல்லுக்குள் ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் படத்தோடு குறிக்க வேண்டும். எத்தனை வீதம் எடை குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் கூலியில் எவ்வளவு கழியும், வெட்டி விழும் துண்டு யாருக்கு, சாணையில் கல் உடைந்தால் நட்டம் யாருக்கு என்று நான்கு வரி எழுதி இரண்டு பேரும் கையொப்பம் இட்டால் போதும். நான் அந்தத் தம்பிக்கு அனுப்பிய முதல் பொட்டலம் முப்பத்திரண்டு கரட் சிறு நீலக்கல். நான்கு வரியையும் அவரே எழுதி, உடைந்த கல் பற்றிய வரியில் பாதி நட்டம் எனக்கு என்று போட்டிருந்தார். கால்வாசி என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.